ஈர வேட்டியும் வட கடல் பாறையும்

சோடாப் புட்டியைத் திறந்தால் ‘புஸ்’ என்று வாயு பறந்துவிடும். சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த சங்கதி இது. உள்ளே அடைபட்டிருந்தது கரியமில வாயு. நாம் வெளிவிடும் மூச்சில் இருப்பதும், பஸ்ஸிலும் அடுப்பிலும் அனல்மின் நிலையத்திலும் எரிபொருள் எரியும்போது வருவதும் அதே வாயுதான். பூமியைப் போர்வைபோலப் போர்த்திச் சூடேற்றுவதும் இதுதான்.

இந்த வாயுவைப் பிடித்துத் தரைக்கு அடியில் புதைத்துவிடலாம் என்று எண்ணெய் நிறுவனங்கள் சொல்கின்றன. எக்ஸான்மொபில், செவ்ரான், ஷெல், ஈக்வினார், டோட்டல்எனர்ஜீஸ், ஆக்சிடென்டல் என்று பெரிய பெயர்கள் எல்லாம் இதில் பணம் போட்டிருக்கின்றன. இந்தச் செய்தியைப் படிக்கிற எவருக்கும் இரண்டு சந்தேகங்கள் எழும். மூடி திறந்ததும் ஓடிவிடுகிற வாயு, மண்ணுக்குள் மட்டும் எப்படி அடங்கிக் கிடக்கும்? எண்ணெயை எடுத்து விற்கிறவரே அதன் புகையைப் புதைக்கவும் முன்வந்தால், அதில் அவருக்கு என்ன லாபம்?

முதல் கேள்வி பாறையைப் பற்றியது. இரண்டாவது பணத்தைப் பற்றியது. இரண்டுக்கும் விடை கிடைக்கும் இடம் ஒன்று உண்டு. நார்வேக்கு மேற்கே, வட கடலின் நடுவில் இருக்கும் ஸ்லெய்ப்னர் எரிவாயு வயல்.

ஒரு வரி செய்த வேலை

ஸ்லெய்ப்னர் என்பது வடதேசப் புராணத்தில் வரும் எட்டுக் கால் குதிரையின் பெயர். அந்தப் பெயரிட்ட வயல் ஸ்டவாங்கர் நகரிலிருந்து சுமார் 250 கி.மீ. தள்ளி, கடலுக்குள் இருக்கிறது. அங்கே பூமிக்குள்ளிருந்து வரும் எரிவாயுவில் நூற்றுக்கு 9 பங்கு வரை கரியமில வாயு கலந்திருக்கும். அது எரியாத சரக்கு. விற்பனைக்குப் போகும் எரிவாயுவில் அது இரண்டரை சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது நிபந்தனை. ஆகவே, எப்படியும் பிரித்தே ஆக வேண்டும்.

பிரித்த வாயுவை என்ன செய்வது? காற்றில் விட்டுவிடுவதுதான் அந்தத் தொழிலின் வழக்கம். ஆனால் 1991ல் நார்வே அரசு கடலில் எண்ணெய், எரிவாயு எடுப்பவர்கள் வெளியிடும் கரியமில வாயுவுக்கு வரி போட்டது. அது டன்னுக்குச் சுமார் 50 டாலர் என்று வந்தது. ஸ்லெய்ப்னரில் பிரியும் வாயுவோ ஆண்டுக்குச் சுமார் 10 லட்சம் டன். வயலை நடத்திய ஸ்டாட்டாயில் நிறுவனம் (இன்று அதன் பெயர் ஈக்வினார்) கணக்குப் போட்டுப் பார்த்தது. காற்றில் விட்டால் ஆண்டுக்கு 5 கோடி டாலர் வரி. அழுத்திப் புதைக்கக் கூடுதலாகப் போட வேண்டிய முதல் சுமார் 8 கோடி டாலர். ஒன்றரை ஆண்டில் போட்ட காசு திரும்பிவிடும்.

1996ல் புதைக்கத் தொடங்கினார்கள். பூமி சூடாவதைத் தடுக்கும் நோக்கில், தொழிற்சாலை அளவில் கரியமில வாயுவைப் புதைத்த முதல் இடம் இதுதான். இந்த வேலை முழுவதையும் இங்கே ‘பிடித்துப் புதைத்தல்’ என்று அழைப்போம்.

பிடிப்பது

வாயுக் கலவையிலிருந்து ஒன்றை மட்டும் எப்படிப் பிரிப்பது? அதற்கு அமீன் என்ற ஒருவகைத் திரவம் உதவுகிறது. அம்மோனியாவின் உறவுக்காரச் சேர்மம் அது. கலவையை அமீன் கரைசலுக்குள் செலுத்தினால் கரியமில வாயுவை மட்டும் அது ஒட்டிக்கொள்ளும். எரிவாயு தப்பி மேலே போகும். பிறகு கரைசலைச் சூடாக்கினால் பிடித்து வைத்ததை விட்டுவிடும். துண்டு ஈரத்தை இழுத்துக்கொள்வதும், வெயிலில் போட்டால் ஈரம் போய் மறுபடி பயன்படுவதும் போலத்தான்.

இந்த வேதியியல் பழையது. நம் பக்கத்திலும் உண்டு. தூத்துக்குடியில் சோடா உப்பு தயாரிக்கும் ஓர் ஆலையில், நிலக்கரிக் கொதிகலனின் புகையிலிருந்து கரியமில வாயுவைப் பிரித்து அதையே மூலப்பொருளாக்கும் அமைப்பு 2016ல் வந்தது. அங்கே புதைக்கும் வேலை இல்லை.

ஆற்றல் செலவில் பெரும்பகுதி அந்தச் சூடாக்கும் கட்டத்தில் இருக்கிறது. மின் நிலையப் புகையில் பெரும்பகுதி நைட்ரஜன், தூசும் உண்டு, அழுத்தமும் குறைவு. அதிலிருந்து பிடிக்க, நிலையம் தயாரிக்கும் ஆற்றலில் ஒரு பகுதியை அந்த வேலைக்கே கொடுக்க வேண்டும். ஸ்லெய்ப்னருக்கு இந்தச் சுமை இல்லை. எரிவாயுவை விற்க வேண்டுமானால் பிரித்தல் எப்படியும் நடந்தாக வேண்டும். மிச்சம் இருந்தது புதைப்பது மட்டுமே. எண்ணெய் நிறுவனங்களின் திட்டங்கள் பலவும் எரிவாயு சுத்திகரிப்பில் தொடங்கியதற்குக் காரணம் இதுதான்.

கூடம் நிறைய இருந்தது தொட்டிக்குள் அடங்கியது

ஒரு டன் கரியமில வாயு நம் வீட்டுச் சூழலில் எவ்வளவு இடம் பிடிக்கும்? 10 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம், 5 மீட்டர் உயரம் உள்ள கூடத்தை நிரப்பிவிட்டு வெளியிலும் வழியும். இப்படிப் பத்து லட்சம் கூடத்தைப் பூமிக்குள் திணிக்க முடியாது.

இங்கே இயற்கை கைகொடுக்கிறது. கரியமில வாயுவை 31 டிகிரிக்கு மேலான சூட்டில், நம்மைச் சுற்றியுள்ள காற்றழுத்தத்தைப் போல 73 மடங்குக்கு மேல் அழுத்தினால் அது ஒரு விசித்திர நிலைக்குப் போகும். வாயுபோலப் பரவும்; திரவம்போலக் கனக்கும். இதை மீமாறுநிலை என்போம். தரைக்குக் கீழே 800 மீட்டர் போனாலே, பாறைத் துளைகளில் நிற்கும் நீரின் கனம் மட்டுமே 80 மடங்கு அழுத்தம் தந்துவிடும். அங்கே அந்த ஒரு டன் சுமார் ஒன்றரைக் கனமீட்டருக்குள் அடங்கும். மொட்டை மாடியில் வைக்கிற 1,500 லிட்டர் தண்ணீர்த் தொட்டி போதும்.

சோடாப் புட்டிச் சந்தேகத்துக்குப் பாதி விடை இங்கேயே இருக்கிறது. புட்டியைத் திறந்ததும் அழுத்தம் போய்விடுகிறது. ஆழத்தில் அழுத்தத்தைத் தருவது மேலே நிற்கும் நீரின் கனம். அது எங்கும் போகாது.

பாறைக்குள் இடம் ஏது?

புதைத்தல் என்றதும் பெரிய குகை ஒன்றை மனதில் வரைந்துகொள்கிறோம். அங்கே குகை எதுவும் கிடையாது. கோடையில் வறண்ட ஆற்றில் ஊற்றுத் தோண்டியவர்களுக்கு இது உடனே விளங்கும். மேலே பார்த்தால் வெறும் மணல். கையால் தோண்டினால் நீர் சுரக்கிறது. மணலுக்கும் மணலுக்கும் இடையிலுள்ள சந்துகளில் அது காத்திருந்தது.

ஸ்லெய்ப்னரில் கடல் தரைக்கு அடியில் 800 மீட்டருக்கும் 1,000 மீட்டருக்கும் இடையே உத்சிரா என்ற மணற்பாறை அடுக்கு கிடக்கிறது. 200 மீட்டருக்கும் மேல் தடிமன். அதன் கொள்ளளவில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வெறும் சந்து. சந்துகள் நிறைய உப்பு நீர். குடிக்கவும் ஆகாது, பாசனத்துக்கும் ஆகாது. கிணறு வழியாக உள்ளே செலுத்தப்படும் கரியமில வாயு அந்த நீரை ஒதுக்கிவிட்டு இடம் பிடிக்கிறது.

சிக்கல் ஒன்று மீதி இருக்கிறது. அழுத்தப்பட்ட நிலையிலும் அது உப்பு நீரைவிட இலேசு. தண்ணீரில் எண்ணெய் மிதப்பதுபோல மேலேறப் பார்க்கும். அதைத் தடுப்பது எது?

ஈர வேட்டி

கிணற்றிலும் குளத்திலும் நீந்திப் பழகிய தலைமுறைக்கு ஒரு விளையாட்டு தெரியும். வேட்டியை நனைத்து, இரு முனைகளையும் பிடித்து வீசி, காற்றோடு சேர்த்துத் தண்ணீரில் அமுக்கினால் அது பானைபோல உப்பிக்கொள்ளும். அதைக் கட்டிப் பிடித்து மிதக்கலாம். காய்ந்த வேட்டியில் இது நடக்காது. காற்று இழைகளின் சந்து வழியே ஓடிவிடும். ஓட்டைகள் அதே ஓட்டைகள்தான். நனைந்ததும் அவற்றை நீர் அடைத்துக்கொள்கிறது. அந்த நீரைப் பிடுங்கி வெளியே தள்ளினால்தான் காற்று போக முடியும். ஓட்டை எவ்வளவு சிறிதோ, அவ்வளவு கெட்டியாக நீர் அதில் ஒட்டி நிற்கும்.

உத்சிரா மணற்பாறைக்கு மேலே சில நூறு மீட்டர் தடிமனுக்குக் களிப்பாறை மூடியிருக்கிறது. இதை மூடுபாறை என்போம். அதன் துளைகள் வேட்டியின் சந்துகளைவிடப் பல்லாயிரம் மடங்கு சிறியவை. எல்லாமே நீரால் நிறைந்தவை. மேலேறி வரும் கரியமில வாயு இந்த ஈரப் போர்வையில் முட்டி, அதன் அடியில் பரவி நிற்கிறது. இதே வகை மூடுபாறைதான் எண்ணெயையும் எரிவாயுவையும் கோடிக்கணக்கான ஆண்டுகளாகக் கீழே பிடித்து வைத்திருந்தது. இல்லையென்றால் நாம் தோண்டும்போது எதுவும் மிஞ்சியிருக்காது.

விளையாட்டு இன்னும் இரண்டு பாடம் சொல்கிறது. உப்பிய வேட்டிமேல் ஆள் ஏறிப் படுத்து அழுத்தினால் துணியெங்கும் குமிழ் குமிழாகக் காற்று கசியும். வேட்டியில் ஒரு கிழிசல் இருந்தால் எவ்வளவு நனைத்தும் பயனில்லை. அளவுக்கு மீறிய அழுத்தம், கிழிசல்: புதைக்கிறவர்கள் அஞ்ச வேண்டியது இந்த இரண்டுக்குத்தான்.

காலம் போகப் போக வேறு பூட்டுகளும் விழுகின்றன. நகர்ந்து போகும் வாயுவின் ஒரு பகுதி துளித் துளியாகச் சந்துகளில் சிக்கி நின்றுவிடும். இன்னொரு பகுதி உப்பு நீரில் கரையும். கரைந்த நீர் சற்றே கனமாகிக் கீழ்நோக்கி இறங்கும். சோடா பூமிக்குள்ளேயே உருவாகி அடியில் தங்குகிறது. மிக மெதுவாக, பல நூறு, பல்லாயிரம் ஆண்டுகளில், ஒரு பகுதி பாறையோடு வினைபுரிந்து கல்லாகவே ஆகிவிடும்.

கடலடியில் ஒரு ஸ்கேன்

இதெல்லாம் உண்மையிலேயே நடக்கிறது என்று எப்படித் தெரியும்? வயிற்றில் வளரும் குழந்தையை ஒலி அலையால் பார்ப்பதுபோல, கப்பலிலிருந்து ஒலியை அனுப்பிப் பாறைகளிலிருந்து வரும் எதிரொலியைப் பதிவு செய்வார்கள். வாயு புகுந்த இடத்தில் எதிரொலி பளிச்சென்று மாறும். ஸ்லெய்ப்னரில் புதைக்கும் முன்னரே 1994ல் ஒரு படம் எடுத்தார்கள். 1999, 2001 என்று மறுபடி மறுபடி எடுத்து ஒப்பிட்டார்கள்.

படத்தில் வாயு ஒரே குமிழாக இல்லை. ஒன்றின்மேல் ஒன்றாக 9 அடுக்குகளாக விரிந்திருந்தது. மணற்பாறைக்குள் மெல்லிய களி அடுக்குகள் இருந்திருக்கின்றன. அவற்றின் அடியில் தேங்கித் தேங்கி ஏறியிருக்கிறது. மேலே உள்ள பெரிய மூடுபாறையைத் தாண்டியதற்கு அடையாளம் இல்லை. கால் நூற்றாண்டுக்கு மேலாக, ஒன்றரைக் கோடி டன்னுக்கும் கூடுதலாகப் புதைத்த பிறகும் நிலைமை இதுதான். முதல் கேள்விக்கு இது நம்பிக்கையான விடை: தக்க பாறை கிடைத்தால், அது தாங்கும்.

எல்லாப் பாறையும் உத்சிரா ஆகாது

தக்க பாறை என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். அதே ஈக்வினார், நார்வேயின் வடக்கே ஸ்னோவிட் வயலில் 2008ல் புதைக்கத் தொடங்கியது. எதிர்பார்த்ததைவிட வேகமாக அழுத்தம் ஏறியது. 2011ல் வேறொரு அடுக்குக்கு மாற வேண்டி வந்தது.

அல்ஜீரியப் பாலைவனத்தின் இன் சாலாவில் சோனாட்ராக், பிபி, ஸ்டாட்டாயில் மூன்றும் சேர்ந்து 2004 முதல் 2011 வரை சுமார் 38 லட்சம் டன் புதைத்தன. தரை ஆண்டுக்குச் சில மில்லிமீட்டர் உப்பியதைச் செயற்கைக்கோள் கண்டுபிடித்தது. பழைய ஆய்வுக் கிணறு ஒன்றின் வாயில் வாயு கசிந்து, அதை அடைத்தார்கள். மூடுபாறையைப் பற்றிய கவலை வலுத்ததும் புதைப்பதையே நிறுத்தினார்கள். அழுத்தமும் கிழிசலும் இங்கே ஒருசேர வந்தன. எண்ணெய் வயல்களில் பழைய கிணறுகள் ஏராளம் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். சரியாக அடைக்காத ஒவ்வொன்றும் ஒரு கிழிசல்.

மேற்கு ஆஸ்திரேலியாவின் பாரோ தீவில் செவ்ரான் நடத்தும் கார்கன் திட்டம் ஆண்டுக்கு 34 முதல் 40 லட்சம் டன் புதைக்கத் திட்டமிடப்பட்டது. எரிவாயு 2016லேயே கப்பலேறியது; புதைக்கும் வேலை 2019 ஆகஸ்டில்தான் தொடங்கியது. பாறையின் அழுத்தத்தைக் குறைக்க நீரை வெளியேற்றும் அமைப்பில் மணல் அடைத்துக்கொண்டது. அண்மை ஆண்டுகளில் புதைந்தது திட்டமிட்டதில் ஏறக்குறைய பாதிதான்.

பாறைக்குக் கொண்டுபோகும் வழியிலும் கவனம் வேண்டும். 2020 பிப்ரவரியில், அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில் சடார்ஷியா என்ற ஊருக்கு அருகே, மழையில் நிலம் சரிந்து கரியமில வாயுக் குழாய் உடைந்தது. காற்றைவிடக் கனமான அந்த வாயு தாழ்வான இடங்களில் படர்ந்தது. 45 பேர் மருத்துவமனைக்குப் போனார்கள். மூச்சுக் காற்று கிடைக்காமல் கார் எஞ்சின்களும் நின்றுபோயின.

பதினான்குக்கு ஒன்று

இப்போது இரண்டாவது கேள்விக்கு வருவோம். ஸ்லெய்ப்னரில் புதைந்தது யாருடைய புகை? கையில் ஒரு தாளை எடுத்துக்கொள்ளுங்கள். சிறிய கணக்குதான்.

பூமியிலிருந்து வந்த எரிவாயுவில் 100 மூலக்கூறுகளை எண்ணுவோம். 9 கரியமில வாயு. மீதி 91ஐயும் மீத்தேன் என்றே எடுத்துக்கொள்வோம். விற்பனை நிபந்தனைக்கு இரண்டரை சதவீதம் வர வேண்டுமானால், 9ல் ஏறக்குறைய 7ஐப் பிரிக்க வேண்டும். அந்த 7 பாறைக்குள் போகிறது. 91 மீத்தேனும் எஞ்சிய 2 கரியமில வாயுவும் குழாய் வழியாக ஐரோப்பாவுக்குப் போகின்றன. அங்கே அடுப்பிலும் கொதிகலனிலும் எரிகின்றன. ஒரு மீத்தேன் எரிந்தால் ஒரு கரியமில வாயு பிறக்கும். ஆக, 91ம் 2ம் சேர்ந்து 93 வானத்துக்கு.

உள்ளே 7. வெளியே 93. பின்னங்களையும் சேர்த்துத் துல்லியமாகப் போட்டால், ஒன்று புதையும்போது பதினான்கு காற்றில் கலக்கிறது. ஸ்லெய்ப்னரின் பொறியியல் உண்மையானது, போற்றத்தக்கது. ஆனால் அது புதைத்தது எரிவாயுவைச் சந்தைக்குத் தயார்செய்யும்போது கழிந்ததை மட்டுமே. விற்ற சரக்கின் புகை அந்தக் கணக்கில் இல்லை.

எண்ணெய் எடுக்கவே வாயு

கணக்கு இன்னும் சிக்கலாகும் இடம் டெக்சாஸ். எண்ணெய்க் கிணறு ‘வற்றிவிட்டது’ என்றால் எண்ணெய் தீர்ந்துவிட்டது என்று பொருளில்லை. பாதிக்கு மேல் பாறைத் துளைகளில் ஒட்டிக்கொண்டு கிடக்கும். அழுத்திய கரியமில வாயுவைச் செலுத்தினால் அது எண்ணெயில் கலந்து, எண்ணெயை இளக்கி ஓட வைக்கும். 1972 முதல் மேற்கு டெக்சாஸில் இதைச் செய்து வருகிறார்கள். ‘எஞ்சிய எண்ணெய் மீட்பு’ என்று இதற்குப் பெயர் வைப்போம். இதற்காகவே கொலராடோவின் மெக்எல்மோ டோம் போன்ற இடங்களில், இயற்கையாகப் புதைந்து கிடந்த கரியமில வாயுவைத் தோண்டி எடுத்து நெடுந்தூரக் குழாயில் அனுப்புகிறார்கள்.

செலுத்திய வாயுவில் பெரும்பங்கு கடைசியில் பாறையிலேயே தங்கிவிடும். அதோடு சேர்ந்து புதிய எண்ணெயும் மேலே வந்து எரியும். உலகில் இன்று பிடிக்கப்படும் கரியமில வாயுவில் பெரும்பகுதி போகும் இடம் இதுதான். ஆகவே, ‘இத்தனை டன் புதைத்தோம்’ என்று படிக்கும்போது, அதனால் எத்தனை பீப்பாய் மேலே வந்தது என்றும் கேட்க வேண்டும்.

யார் காசு?

எண்ணெய் நிறுவனங்களுக்கு இந்த வேலைக்கான தகுதி உண்டு. பாறையைப் படிக்கத் தெரியும். ஆழக் கிணறு தோண்டத் தெரியும். குழாயும் கப்பலும் இருக்கின்றன. ஆனால் புதைத்த வாயுவை வாங்க ஆள் இல்லை. எனவே, அரசு வரி போட வேண்டும். அல்லது பணம் கொடுக்க வேண்டும். நார்வே வரி போட்டது. அமெரிக்கா 2022ல் இயற்றிய சட்டத்தில், ஆலைப் புகையிலிருந்து பிடித்து நிரந்தரமாகப் புதைக்கும் ஒவ்வொரு டன்னுக்கும் 85 டாலர் வரை வரிச் சலுகை தந்தது. அடுத்த ஆண்டே எக்ஸான்மொபில், கரியமில வாயுக் குழாய்கள் வைத்திருந்த டென்பரி நிறுவனத்தை 490 கோடி டாலருக்கு வாங்கியது. அதே 2023ல் ஆக்சிடென்டல், காற்றிலிருந்தே வாயுவைப் பிடிக்கும் கார்பன் எஞ்சினியரிங் நிறுவனத்துக்கு 110 கோடி டாலர் கொடுத்தது.

இவை பெரிய தொகைகள். செய்ய வேண்டிய வேலையோ இவற்றைவிட மிகப் பெரியது. உலகம் ஆண்டுதோறும் ஆற்றலுக்காக எரித்து வெளியிடும் கரியமில வாயு சுமார் 3,700 கோடி டன். அதைப் பிடிக்க இன்று உலகில் நிறுவப்பட்டிருக்கும் மொத்தத் திறன் சுமார் 5 கோடி டன். 740 டன் வெளியேறினால் ஒரு டன்னைப் பிடிக்கலாம். எண்ணெயும் எரிவாயுவும் இன்றைய போக்கிலேயே எரிந்துகொண்டிருந்தால், பூமி சூடாவதைக் கட்டுப்படுத்த 2050ல் 3,200 கோடி டன் பிடிக்க வேண்டியிருக்கும் என்று பன்னாட்டு ஆற்றல் முகமை 2023ல் கணக்கிட்டது. நினைத்துப் பார்க்க முடியாத அளவு என்றும் சொன்னது. தூய ஆற்றலுக்காக 2022ல் உலகம் செய்த முதலீட்டில் எண்ணெய், எரிவாயுத் தொழிலின் பங்கு ஒரே ஒரு சதவீதம் என்பதும் அதே அறிக்கையில் இருக்கிறது.

புதைத்தே ஆக வேண்டிய புகை

அப்படியானால் இந்தத் தொழில்நுட்பத்தை ஒதுக்கிவிடலாமா? கூடாது. சிமெண்டை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் மூலப்பொருள் சுண்ணாம்புக்கல். சூளையில் சுடும்போது அந்தக் கல்லுக்குள்ளிருந்தே கரியமில வாயு வெளியேறுகிறது. சிமெண்ட் ஆலைப் புகையில் பாதிக்கு மேல் இப்படிக் கல்லிலிருந்து வருவது. நிலக்கரிக்குப் பதில் சூரிய மின்சாரத்தால் சூளையைச் சூடாக்கினாலும் அது நிற்காது. நார்வேயின் பிரெவிக் சிமெண்ட் ஆலை ஆனாலும் நம் அரியலூர் ஆலை ஆனாலும் சுண்ணாம்புக்கல்லின் குணம் ஒன்றுதான்.

அந்த பிரெவிக் ஆலை இப்போது தன் புகையில் பாதியை, ஆண்டுக்கு 4 லட்சம் டன்னை, பிடிக்கும் வசதியோடு இயங்குகிறது. ஈக்வினார், ஷெல், டோட்டல்எனர்ஜீஸ் மூன்றும் சேர்ந்த நார்தர்ன் லைட்ஸ் நிறுவனத்தின் கப்பல் அதை பெர்கன் நகருக்கு அருகிலுள்ள ஒய்கார்டன் முனையத்துக்குக் கொண்டுபோகிறது. அங்கிருந்து சுமார் 100 கி.மீ. கடலடிக் குழாய், பிறகு கடல் தரைக்கு 2,600 மீட்டர் கீழே பாறை. 2025 ஆகஸ்டில் முதல் வாயு உள்ளே போனது. செலவில் பெரும்பங்கு நார்வே மக்களின் வரிப்பணம். இங்கே புதைவது வேறு வழியில் நிறுத்த முடியாத புகை; அதோடு சேர்ந்து புதிய எண்ணெய் எதுவும் மேலே வரவில்லை.

நல்ல பாறை உலகில் குறைவில்லை. ஆனால் ஒவ்வொன்றையும் சோதித்து, கிழிசல் பார்த்து, அழுத்தம் அறிந்து, தலைமுறைகளுக்குக் காவல் இருக்க வேண்டும். அவ்வளவு பாடுபட்டுக் கிடைக்கும் இடத்தை, காற்றாலையும் சூரியத் தகடும் செய்துவிடக்கூடிய வேலைக்காக எரித்த எரிபொருளின் புகைக்குக் கொடுப்பது வீண். வேறு போக்கிடமே இல்லாத புகைக்கு அது சேர வேண்டும். அடுத்த முறை ஓர் எண்ணெய் நிறுவனம் புதைப்பதைப் பற்றிய செய்தி கண்ணில் பட்டால், ஸ்லெய்ப்னர் கணக்கை அதே தாளில் போட்டுப் பாருங்கள். ஒன்று உள்ளே போனது, சரி. வெளியே போனது எத்தனை?